பக்கத்துப் பல்லின் நிறம்

என் முன்பற்கள் பழுப்பு. வெற்றிலை போட்டதில்லை, புகையிலையைத் தொட்டதில்லை, பல் துலக்காமல் ஒரு நாளும் காபி குடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் பெயரைக் கேட்பதற்கு முன்னால் இதைத்தான் கேட்கிறார்கள். சிலர் வாயால் கேட்பார்கள். சிலர் கண்ணால் கேட்டுவிட்டு நாசூக்காக வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். எனக்கு வாயால் கேட்கிறவர்களைத்தான் பிடிக்கும். பதில் சொல்ல ஒரு வாய்ப்பாவது கிடைக்கிறது.

இந்தப் பற்களோடு நான் போய் உட்கார்ந்த வேலை எது தெரியுமா? பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜை. சிரிப்பு வருகிறதா? தாராளமாகச் சிரியுங்கள். செங்கல்பட்டில் பாதிப் பேர் சிரித்து முடித்துவிட்டார்கள்.

நான் பிறந்தது தர்மபுரிப் பக்கம். அங்கே போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். பால்பல் விழுந்து அடுத்த பல் முளைப்பதற்கு முன்பே, அது ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் காலத்திலேயே, அந்தத் தண்ணீர் தன் வேலையைக் காட்டிவிடும். அங்கங்கே சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் திட்டு, குறுக்கே பழுப்புப் பட்டை. எங்கள் தெருவில் எல்லோருக்கும் அப்படித்தான். அதனால் அங்கே இருந்தவரை பல்லுக்கு ஒரு நிறம் இருக்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்பாவுக்குக் கல்பாக்கத்தில் வேலை கிடைத்து, கடலோரக் குடியிருப்புக்கு வந்தோம். எனக்குப் பத்து வயது. தம்பி கைக்குழந்தை.

புதுப் பள்ளிக்கூடத்தில் காலையில் பிரார்த்தனை முடிந்ததும் நகம், தலை, பல் எல்லாம் பார்ப்பார்கள். என் முறை வந்ததும் டீச்சர் மூக்கைச் சுளித்தார்.

"பல்லே தேய்க்கலியா நீ?"

"தேய்ச்சேன் டீச்சர்."

"பொய் வேற. போய் வெளியில நில்லு."

மறுநாளும் அதே கேள்வி, அதே பதில், அதே வெளியில். வீட்டுக்கு வந்து கரித்தூள் போட்டுத் தேய்த்தேன். உப்புப் போட்டுத் தேய்த்தேன். செங்கல்லைப் பொடித்துக்கூடத் தேய்த்தேன். ஈறில் ரத்தம் வந்ததே தவிர பட்டை இம்மியும் நகரவில்லை. அம்மா பின்னாலிருந்து வந்து செங்கல் பொடியைப் பிடுங்கி எறிந்தாள். அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. மறுநாள் பிரார்த்தனையில் டீச்சர் என் எதிரே வந்து நின்றதும், கேட்பதற்கு முன்பாகவே வாயை அகலத் திறந்து காட்டினேன். "இன்னைக்கும் தேய்ச்சேன் டீச்சர். ரத்தம் வந்திருக்கு, பாருங்க" என்றேன். அதோடு அவர் என் பல்லைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

இதில் வேடிக்கை என் தம்பி. அவன் பல் அத்தனையும் பளிச்சென்று முளைத்தது. ஊரைவிட்டு வரும்போது கைக்குழந்தை, வேறு தண்ணீர் குடித்து வளர்ந்தவன். அவனைப் பல் தேய்க்க வைப்பதற்குள் அம்மாவுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். வீட்டுக்கு வருகிறவர்களோ எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தம்பியைப் பார்த்துக் கத்துக்கோ" என்று எனக்கு அறிவுரை சொல்வார்கள். அவன் வேண்டுமென்றே பல்லைக் காட்டிச் சிரிப்பான், கழுதை.

பி.காம். முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தபோது இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருந்தது. செங்கல்பட்டில் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் புதிதாகத் திறந்திருந்த பல் மருத்துவமனைக்கு வரவேற்பு மேஜையில் உட்கார ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். டாக்டர் ஒரு பெண்மணி, முப்பத்தைந்து வயது இருக்கும். நான் பேசத் தொடங்கியதும் அவர் கண் நேராக என் வாய்க்குப் போனது. சரி, ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். அவரோ, "தர்மபுரியா, சேலமா?" என்று கேட்டார்.

அதுவரை ஒருவரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. இந்த அம்மாவிடம்தான் வேலை பார்ப்பது என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். அவரும் அன்றைக்கே வரச் சொல்லிவிட்டார்.

பல் வேலையெல்லாம் டாக்டருடையது. கட்டடம், ஆள், விளம்பரம் எல்லாம் அவர் வீட்டுக்காரர் கையில். செங்கல்பட்டுக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் கடைக்காரரின் கண்ணோடுதான் பார்ப்பார். முதல் நாள் என்னைப் பார்த்துவிட்டு மனைவியிடம் என் பல்லைப் பற்றி முணுமுணுத்தார். டாக்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானும் போட்டுக்கொள்ளவில்லை, நன்றாகக் கேட்டிருந்தும்.

அந்தக் காலத்தில்தான் எங்கள் பக்கத்தில் வெள்ளி அடைப்பை விட்டுவிட்டு, பல் நிறத்திலேயே அடைக்கிற பசைக்கு ஆட்கள் மாறிக்கொண்டிருந்தார்கள். ஊர்ப் பேச்சில் அதற்கும் சிமெண்டு என்றுதான் பெயர். அதைப் பல்லில் வைத்து, நீல விளக்கைக் காட்டினால் கல்லாக இறுகிவிடும். வைப்பது பெரிய காரியமில்லை. எந்த நிறத்தில் வைப்பது என்பதுதான் காரியம். அதற்கு டாக்டரிடம் ஒரு ஷேடு பட்டை இருந்தது. ஒரு சட்டத்தில் வரிசையாகப் பல் வடிவத் துண்டுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம், ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தும் எண்ணும். பல்லுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, ஒத்துப்போகிற துண்டைக் கண்டுபிடிக்க வேண்டும்.

வருகிறவர்கள் எல்லோருக்கும் வேண்டியது ஒரே நிறம். வெள்ளை. பொத்தேரியிலிருந்து வரும் காலேஜ் பையன்களும் அதைத்தான் கேட்டார்கள், மருமகளை அழைத்துவரும் மாமியார்களும் அதைத்தான் கேட்டார்கள். கோவளத்திலிருந்து ஒரு படகுக்காரர் வந்தார். பாதி உடைந்த முன்பல். நாற்காலியில் சாய்ந்தபடியே சொன்னார்:

"நல்லா வெள்ளையா வையி டாக்டர். டியூப் லைட்டு மாதிரி இருக்கணும்."

"பக்கத்துப் பல்லு ஒத்துக்காதுங்களே" என்றார் டாக்டர்.

"அது இன்னாத்துக்கு ஒத்துக்கணும்? அத்த யாரு கேட்டா?"

"நீங்க வாயைத் திறந்தா அந்த ஒரு பல்லுதான் தெரியும். ஜனங்க உங்க மூஞ்சியைப் பார்க்க மாட்டாங்க, அதைத்தான் பார்ப்பாங்க. பக்கத்துப் பல்லோட நிறத்துல வெச்சாத்தான் அது உங்க பல்லு. இல்லேன்னா சிமெண்டு."

பக்கத்துப் பல்லோட நிறம். இதுதான் டாக்டரின் கட்சி. ஒரு நாளைக்கு எத்தனை தடவை இதைச் சொல்வார் என்று கணக்கில்லை. படகுக்காரர் முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார். வைத்து முடித்ததும் கண்ணாடியில் தேடு தேடென்று தேடிவிட்டு, "எங்க கீது?" என்று கேட்டார். டாக்டருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

நிறம் பார்க்கிறதில் அவர் வைத்திருந்த கெடுபிடிகளை நான் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டேன். வேலை தொடங்கும் முன்பே நிறம் பார்த்துவிட வேண்டும். வாய் திறந்து பஞ்சு வைத்துவிட்டால் பல் காய்ந்துபோகும், காய்ந்த பல் உண்மையைவிட வெளுத்துத் தெரியும். டியூப் லைட்டில் பார்க்கக் கூடாது, வாசல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் ஏமாற்றும், சட்டென்று பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துவிட வேண்டும். மஞ்சள் பூசிய முகமாக இருந்தால் கழுவச் சொல்வார். பளீரென்ற புடவை கட்டி வந்தால் கழுத்திலிருந்து ஒரு சாம்பல் நிறத் துணியைப் போர்த்திவிடுவார். சுற்றி இருக்கிற நிறம் பல்லின் நிறத்தைத் திருகிவிடுமாம்.

அதிலும் தை மாதம் வந்தால் எங்களுக்குச் சோதனைதான். அம்மனுக்கு மாலை போட்டு விரதம் இருக்கிற பெண்கள் தலையிலிருந்து கால்வரை சிவப்பில் வருவார்கள். ஒரு தடவை அப்படி வந்த ஓர் அம்மாவுக்கு நான் சாம்பல் துணியைப் போர்த்தப் போனேன். வந்ததே அவருக்குக் கோபம்!

"இன்னாம்மா நீ, அம்மாவோட சேலையை மூடச் சொல்றியா? விரதத்துல இருக்கறேன் நானு."

டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அந்த அம்மா மசியவில்லை. சிவப்புக்கு நடுவிலேயே நிறம் பார்த்து வைத்தார். விரதம் முடிந்து சாதாரணப் புடவையில் வந்து நின்றபோது அந்தப் பல் மட்டும் மங்கிப்போய்த் தனியாகத் தெரிந்தது. "இது இன்னா, பாசி புடிச்ச மாதிரி கீது?" என்று எங்களைத்தான் திட்டினார். டாக்டர் ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துவிட்டு மாற்றி வைத்தார். நானாக இருந்தால் பதிலுக்கு நாலு கேட்டிருப்பேன். அதனால்தான் அவர் டாக்டர், நான் மேஜை.

மேஜையில் எனக்கும் தினமும் ஒரு பூசை உண்டு. "பல் ஆஸ்பத்திரியிலயே வேலை செஞ்சிகினு, உன் பல்ல பாத்துக்கக் கூடாதா?" என்று கேட்பார்கள். "என் பல்லுக்கு ஒண்ணும் இல்லீங்க, சொத்தை ஒண்ணுகூடக் கிடையாது. உங்களுக்கு எத்தனை?" என்று கேட்டுவிட்டு டோக்கனை நீட்டுவேன். உண்மைதான் அது. பார்க்கத்தான் அப்படி, கடிப்பதில் என் பல்லிடம் யாரும் போட்டி போட முடியாது. கரும்பைக் கடித்து உரித்துக்காட்டி என் பல்லைக் கேலி செய்த ஒரு கம்பவுண்டரை ஓட வைத்திருக்கிறேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பேருந்து பிரேக் போட்டது. காலையில் கல்பாக்கத்திலிருந்து வரும் வண்டி. திருக்கழுக்குன்றம் திருப்பத்தில் ஒரு ஷேர் ஆட்டோ குறுக்கே வர, ஓட்டுநர் மிதித்தார். நான் முன் இருக்கையின் கம்பியில் போய் மோதினேன். உதடு கிழிந்தது. மேல்வரிசை நடுப்பல் ஒன்றின் மூலை உடைந்து, கம்பிக்குக் கீழே விழுந்து எங்கேயோ போய்விட்டது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு நேரே மருத்துவமனைக்கு வந்தேன்.

டாக்டர் பதறிவிட்டார். நாற்காலியில் உட்கார வைத்து, உதட்டைத் துடைத்து, "நரம்பு தப்பிச்சுது, மூலை மட்டும்தான். பயப்படாதே" என்றார். பஞ்சு வைத்து, வாயை விரித்துப் பிடிக்கும் வளையத்தை மாட்டினார். அப்போது பார்த்து அவர் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். என் வாயை எட்டிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை இப்போதும் என்னால் மறக்க முடியாது.

"நல்லதாப் போச்சு" என்றார்.

"என்னங்க பேசறீங்க!" என்றார் டாக்டர்.

"அட, சொல்றத கேளு. உடைஞ்சத மட்டும் வெக்காதே. மேல முன்வரிசைல இருக்கற ஆறையும் வெள்ளையா மூடிடு. முன்னாடி ஒரு போட்டோ, பின்னாடி ஒரு போட்டோ. ஹால்ல பெருசா மாட்டலாம். இத விட விளம்பரம் வேணுமா? அந்தப் பொண்ணுக்கும் நல்லது, நமக்கும் நல்லது."

நான் தலையை ஆட்டினேன். வாயில் வளையம், பேச முடியாது. "ஊ ஊ" என்று சத்தம்தான் வந்தது.

"பார், அதுக்கே சந்தோஷம்" என்றார் அவர்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? வளையத்தை நானே பிடுங்கினேன். "வேணாம் சார். உடைஞ்சதை மட்டும் வெச்சா போதும்."

"ஏம்மா வேணாம்ற?"

"மத்த பல்லெல்லாம் நல்லாத்தானே இருக்கு."

"நல்லா இருக்கா! பல் ஆஸ்பத்திரி வாசல்ல இந்தப் பல்லோட உக்காந்துகினு இருந்தா வர்றவன் இன்னா நெனைப்பான்? இத்தினி நாளு உன் டாக்டர் மூஞ்சிக்காக வாய மூடிகினு இருந்தேன். வெள்ளையா மாத்திக்கறதுன்னா மேஜையில இரு. இல்லேன்னா உள்ரூம்ல கருவி கழுவு, வாசலுக்கு வேற பொண்ணு பாத்துக்கறேன். வர வெள்ளிக்கெழம கேமராவோட வர்றேன், அதுக்குள்ள யோசிச்சுக்கோ."

சொல்லிவிட்டும் அவர் போகவில்லை. டாக்டருக்கும் அவருக்கும் வாக்குவாதம் முற்றியது. ஆறு பல்லையும் ஏன் மூட வேண்டும் என்று இவர், மூடினால் என்ன குறைந்துவிடும் என்று அவர். டாக்டர் வளையத்தை மறுபடி மாட்டிவிட்டிருந்ததால் நான் வாயைத் திறந்தபடி நடுவில் கிடந்தேன், பஞ்சோடு. கடைசியில் டாக்டர், "இப்போதைக்கு மூலையை மட்டும் வைக்கறேன், மிச்சத்தை அப்புறம் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு, அவசர அவசரமாக ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுத்து வைத்து முடித்தார்.

அவர் என்ன செய்துவிட்டார் என்பது சாயங்காலம்தான் தெரிந்தது. அத்தனை நேரம் திறந்து கிடந்து என் பற்கள் நன்றாகக் காய்ந்திருந்தன. என் பல் காய்ந்தால் வெள்ளைத் திட்டுகள் இன்னும் வெளுத்து, பழுப்பு மங்கித் தெரியும். அதைப் பார்த்து நிறம் எடுத்திருக்கிறார். எச்சில் ஊறி மற்றப் பற்கள் பழைய நிறத்துக்கு வந்ததும், மூலையில் அந்தத் துண்டு மட்டும் வெள்ளைவெளேரென்று நின்றது. ஒவ்வொரு நோயாளிக்கும் அவர் சொல்கிற முதல் பாடத்தை என் வாயில் அவரே மறந்துவிட்டார்.

வீட்டில் அம்மா என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்லாத்தானே இருக்கு. மத்ததையும் இப்படியே பண்ணிக்கலாம் இல்ல? டாக்டரோட வீட்டுக்காரரே சொல்றாராமே" என்றாள். குரலில் அத்தனை ஆசை. பிறகு மெதுவாகச் சொன்னாள், "நான் குடுத்த தண்ணிதானே."

அம்மா இதை மனதில் வைத்திருக்கிறாள் என்று எனக்கு அதுவரை தெரியாது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "நீ என்ன விஷமா குடுத்தே? இருந்த தண்ணியைக் குடுத்தே. அதுவும் அவ்வளவு தூரம் நடந்து குடத்துல கொண்டாந்து குடுத்தே. அதைக் குடிச்சுத்தான் நான் வளர்ந்தேன். இதுக்கு மேல வெள்ளை அடின்னு யார் சொன்னாலும் சும்மா விட மாட்டேன்" என்று கத்தினேன். அம்மா பயந்துபோய், "சரி, சரி, சாப்பிட வா" என்றாள்.

கத்தியது அம்மாவிடம். கேட்க வேண்டியது வேறு ஆளிடம். மறுநாள் காலை முதல் வேலையாக டாக்டர் அறைக்குள் போய் வாயைத் திறந்து காட்டினேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"காய்ஞ்ச பல்லைப் பார்த்து எடுத்துட்டேன்" என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "ஒண்ணு சொல்லட்டுமா? அவர் சொல்றதையும் யோசிச்சுப் பாரேன். ஆறையும் இதே நிறத்துல மூடிட்டா ஒரே சீரா இருக்கும். உனக்கும் யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க" என்றார்.

அவரிடமிருந்து அது வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"டாக்டர், ஊர்ல இருக்கற எல்லாருக்கும் பக்கத்துப் பல்லு நிறத்துலதான் வைக்கறீங்க. படகுக்காரர் கெஞ்சினாரு, வெள்ளையா வைக்கலை. காலேஜ் பையன் சண்டை போட்டான், வைக்கலை. எனக்கு மட்டும் ஏன் சிமெண்டு நிறத்துக்குப் பக்கத்துப் பல்லை மாத்தச் சொல்றீங்க? என் பக்கத்துப் பல்லு பல்லு இல்லையா?"

டாக்டர் கையிலிருந்த ஷேடு பட்டையை ஒவ்வொரு துண்டாகத் தள்ளிக்கொண்டே இருந்தார். கடைசித் துண்டுவரை போனார். அதிலேயே கறுத்த துண்டை எடுத்து என் பல்லருகே பிடித்தார். அது ஒரே சீரான அழுக்குச் சாம்பல். என் பல்லிலோ சுண்ணாம்பு வெள்ளை, வெளிர் மஞ்சள், பழுப்பு என்று பட்டை பட்டையாக ஓடியது.

"உன் நிறம் இதுல இல்லவே இல்லையே" என்றார், தனக்குத்தானே பேசுவது மாதிரி.

"அப்போ செய்யுங்க" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார். "வெள்ளிக்கிழமை காலையில, ஆள் வர்றதுக்கு முன்னாடி வந்துடு" என்றார்.

வெள்ளிக்கிழமை போனபோது அலமாரியின் பின்பக்கத்திலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வைத்திருந்தார். உள்ளே குட்டிக் குட்டிக் குழல்களில் நிறங்கள், காவி, பழுப்பு, வெள்ளை என்று. எப்போதோ வாங்கியது, யாரும் கேட்காததால் உறைகூடப் பிரிக்கவில்லை. வாயில் பஞ்சு வைக்காமல், பல் ஈரமாக இருக்கும்போதே, என்னை வாசல்படிக்கு அழைத்துவந்து உட்கார வைத்தார். கழுத்தில் சாம்பல் துணி. கையில் கண்ணாடியைக் கொடுத்து, "நீயும் பாரு. உன் பல்லை என்னைவிட உனக்குத்தான் தெரியும்" என்றார்.

கொஞ்சம் பசையில் கொஞ்சம் நிறத்தைக் குழைப்பார். ஒட்டாமல் சும்மா மூலையில் வைத்து நீல விளக்கைக் காட்டுவார். இருவரும் பார்ப்போம். நான் உதட்டைப் பிதுக்கினால் தட்டி எடுத்துவிட்டு மறுபடி குழைப்பார். எதிர் டீக்கடைக்காரர் பாய்லர் பக்கத்தில் நின்றபடி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னா டாக்டரம்மா, பல்லுல பெயிண்டிங்கா?"

"ஆமாண்ணே."

"வெள்ளையவே காணோமே. அழுக்க எடுத்து அப்பினு கீறீங்க?"

"அது அழுக்கு இல்லண்ணே, என் பல்லு" என்று நான் கத்தினேன். "அசையாதே" என்று டாக்டர் தாடையைப் பிடித்தார்.

இது ஒத்துப்போகிறது என்று இருவரும் சொன்ன பிறகுதான் உள்ளே போனோம். வெள்ளைத் துண்டைச் சுரண்டி எடுத்தார். பசை ஒட்டுவதற்குப் பல்லில் தடவுகிற மருந்து என் பல்லில் சட்டென்று பிடிக்காது, மற்றவர்களைவிடக் கூடுதல் நேரம் வைத்திருந்தார். அடியில் மஞ்சள், அதன்மேல் மெல்லிய பழுப்புப் பட்டை, பக்கத்துப் பல்லில் அது எந்த உயரத்தில் ஓடியதோ அதே உயரத்தில். மேலே ஒரு துளி சுண்ணாம்பு வெள்ளை. அவர் மூச்சே விடவில்லை என்று தோன்றியது. முடித்ததும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "தண்ணி குடிச்சிட்டு வெளியில போய் உட்காரு. ஊறினப்புறம் பார்க்கலாம்" என்றார்.

நான் மேஜையில் போய் உட்கார்ந்தேன். கூடம் நிரம்பியிருந்தது. டாக்டர் உள்ளே மூன்று நான்கு பேரைப் பார்த்து முடிப்பதற்குள் கேமராவோடு அவர் வீட்டுக்காரர் வந்துவிட்டார்.

"இன்னாம்மா, எப்போ ஆரம்பிக்கறீங்க?"

"முடிஞ்சிடுச்சு சார்."

"காட்டு."

காட்டினேன். அவர் இப்படிப் பார்த்தார், அப்படிப் பார்த்தார். "எங்க முடிஞ்சுது? அப்படியேதானே கீது?"

"ஆமா சார். அப்படியேதான் இருக்கு."

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. புரிந்ததும் முகம் சிவந்தது. "காலையிலேர்ந்து உக்காந்து கறையவா செஞ்சு வெச்சீங்க ரெண்டு பேரும்? ஊரே சிரிக்கும். எழுந்திரு. உள்ள போ. நாளையிலேர்ந்து வேற பொண்ணு வரும்."

எழுந்தேன். உள்ளறைக்குப் போகவில்லை. மேஜையைச் சுற்றிக்கொண்டு கூடத்தின் நடுவில் போய் நின்றேன்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் என் வாயைப் பாருங்க. இதுல ஒரு பல்லு உடைஞ்சு, இன்னைக்குக் காலையில டாக்டர் வெச்சாங்க. எதுன்னு சொல்லுங்க. இத்தனை நாளா என் பல்லைத்தானே பார்த்துக்கிட்டு இருந்தீங்க. கண்டுபிடிங்க பார்ப்போம்."

என் பல்லைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தவர்கள்கூட இப்போது எழுந்து வந்து பார்த்தார்கள். ஒரு பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே வந்து கோரைப் பல்லைக் காட்டினார். ஒரு காலேஜ் பெண் மறுபக்கத்து நடுப்பல்லைச் சொன்னாள். "நான் சொல்லட்டா, நான் சொல்லட்டா" என்று ஒரு அம்மா இடித்துக்கொண்டு வந்து அவரும் தப்பாகவே சொன்னார். டாக்டரின் வீட்டுக்காரரும், யாருக்கும் தெரியாமல், மறுபடி ஒரு தடவை எட்டிப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை.

சத்தம் கேட்டு டாக்டர் கையுறையோடு வெளியே வந்தார். என்ன நடக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நேரே என்னிடம் வந்து, தாடையைப் பிடித்து வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். ஊறிய பல்லைச் சட்டென்று பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"இவ இங்கேயேதான் உட்காருவா" என்றார், திரும்பிப் பார்க்காமலேயே. "நான் செஞ்சதுலயே நல்ல வேலை இவ வாயில இருக்கு. அதை உள்ரூம்ல ஒளிச்சு வைக்கச் சொல்றீங்களா?"

அவர் வீட்டுக்காரர் கேமராவைப் பைக்குள் வைத்தார். "இன்னாவோ பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். நான் என் நாற்காலிக்குத் திரும்பினேன். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன். அதற்குப் பிறகு வருடக்கணக்கில் அந்த நாற்காலியில் இருந்தேன், எழுந்திரு என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை.

டாக்டர் எனக்காக நின்றார், அதில் சந்தேகமே இல்லை. இருந்தாலும் அன்றைக்கு அவர் சொன்னதில் ஒன்று எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. நான் இருக்கலாம் என்பதற்கு அவர் சொன்ன காரணம், அவருடைய வேலை என் வாயில் இருக்கிறது என்பது. அவர் வைத்தது ஒரு பல்லின் ஒரு மூலை. மற்றது அத்தனையும் என்னுடையது. அந்த மூலை இல்லாமல் இருந்திருந்தாலும் நான் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பேன்.